வகுப்பு முப்பத்திரண்டு

கதவிடுக்கில் ஒரு மஞ்சள் துண்டு.
தபாலகத்தில் கையெழுத்து வைத்து வாங்கினேன்.
பதினொரு பக்கம்.
பீல் இரண்டு மொழி பேசும் ஊர்;
சட்டம் பேசுவது மூன்றாவது மொழி.

குளிர்பெட்டியில் சாய்ந்துகொண்டு
குகதாசன் வாசித்துச் சொன்னான்.
வேனில் என்ற பெயர் கூடாது:
போத்தலில், பெட்டியில், சுவரில், வாகனங்களில்.
பதினான்கு நாள் தவணை.
மிச்சமுள்ளதை அழித்ததற்கு அத்தாட்சி வேண்டும்.

எங்களிடம் வாகனங்கள் இருப்பதாக
அவர்கள் நினைத்தது
எனக்குப் பிடித்திருந்தது.

எங்களுக்கு மட்ரெச்சில் ஏழடி அகலக் கடை,
சனிக்கிழமைச் சந்தையில் ஒரு மேசை,
நன்னாரி வேர் ஊறும் நாலு எவர்சில்வர் அண்டா.
அவர்களுக்கு ஏரியைப் பார்த்தபடி
ஒன்பது மாடிக் கண்ணாடி.
அவர்களுடைய வெனில் ஒரு பீச்சுப்பழக் குமிழ்ப்பானம்.
பேருந்தின் முதுகில் ஒரு பெண்
ஊர் முழுக்க அதைக் குடித்தபடியே போவாள்,
ஒரு மிடறும் குறையாது.

ஆறாம் பக்கத்தில்தான் அந்த வரி:
'எமது குறி ஒரு கற்பனைச் சொல்.
எந்த மொழியிலும் பொருளற்றது.
ஆகவே வலுவானது.'

திரும்ப வாசி என்றேன்.

எந்த மொழியிலும்.

பெயர் தேடித் தரும் கம்பனி ஒன்று
எண்பதாயிரம் பிராங் வாங்கி
மூன்று மாதம் யோசித்துக் கண்டுபிடித்ததாம்.
அதில் ஒரு பின்னேரம்
எங்கள் கடைப்பக்கம் வந்து கேட்டிருந்தால்
ஒரு கிளாஸ் சர்பத்தோடு முடிந்திருக்கும்.

வக்கீல் ரொட்டன்பியூலர் அம்மா
முதல் அரைமணிக்குக் காசு வாங்குவதில்லை.
மேசைக் கடிகாரம் எங்களைப் பார்த்திருந்தது.
பொருள் என்ன என்றார்.
வெயில் காலம் என்றேன்.
சித்திரை வைகாசி இளவேனில்,
ஆனி ஆடி முதுவேனில்.
'இள' என்று முன்னால் ஒட்டிக்கொள்ளவா?
போதாது, குழப்பம் நீங்காது.
யாருக்கு?
சராசரி நுகர்வோருக்கு.

அந்த மனிதரை நான் கண்டதில்லை.
நன்னாரிக்கும் பீச்சுக்கும் பேதம் தெரியாமல்
என் மேசை முன் திகைத்து நிற்கப்போகிறவர்.
எந்தச் சனிக்கிழமை வருவாரோ.

அகராதியின் ஒரு பக்கத்தை
மொழிபெயர்த்து முத்திரை குத்தி அனுப்பினோம்.
முத்திரைக்கு மட்டும் நூற்றிருபது.
பதில் வந்தது:
தமிழ், சம்பந்தப்பட்ட பொதுமக்கள்
பரவலாக அறியாத மொழி.
அதாவது, சொல்லுக்குப் பொருள் உண்டு,
இங்கே இல்லை.

சம்பந்தப்பட்ட பொதுமக்களில்
நான் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.
இருபத்தாறு வருடமாக வரி கட்டுகிறேன்.

வெல்லலாம் என்றார் வக்கீல்,
நாற்பதாயிரம் இருந்தால்.
கையெழுத்து வைத்தேன்.
லத்தீன் எழுத்தில் கூடாது.
தமிழ் எழுத்தில் வைத்துக்கொள்ளலாம்,
நான்கு சென்டிமீட்டர் உயரம் வரை.

ஞாயிறு இரவு, அறுநூற்று நாற்பது போத்தல்.
தலைமுடி உலர்த்தியால் சூடு காட்டி
லேபிளை உரித்தோம்.
தாள் வந்தது, பசை வரவில்லை.
குகதாசன் கதைக்கவே இல்லை.
மூன்று மணிக்கு,
முதல் எழுத்து மட்டும் ஒட்டியிருந்த ஒரு போத்தலைத் திறந்து
தண்ணீர் சேர்க்காமல்
நின்றபடி குடித்து முடித்தான்.

மறுநாள் கடைமுகப்பின் ஐந்து எழுத்தையும் கழற்றினோம்.
நான்கு வருட வெயில்
சுவரை வெளிற வைத்திருந்தது.
எழுத்து மூடியிருந்த இடம் மட்டும் வெளிறவில்லை.
வீதியின் மறுகரையிலிருந்து பார்த்தால்
முன்னைவிடத் துலக்கமாக அதே பெயர்.
வாசித்துவிட்டு ஒரு கிழவர் உள்ளே வந்தார்.

நேற்று இன்னொரு மஞ்சள் துண்டு.
ஏழு நாள் வைத்திருப்பார்கள்.
போகவில்லை.
வெளியே முப்பத்து மூன்று பாகை,
வரிசை தபால்பெட்டி வரை நிற்கிறது,
ஐஸ் முடிந்துபோச்சு என்று
உள்ளிருந்து குகதாசன் கத்துகிறான்.